நடுப் பலகை

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படிக்கும்போது உங்களுக்குச் சந்தேகம் வரும். வயதானவன், மனைவியை இழந்தவன், வீட்டில் தனியாகக் கிடந்தவன், அவன் காதுக்கு என்னென்னவோ கேட்டிருக்கிறது என்று தோன்றும். நானும் அப்படி நினைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். அப்படி இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதில் நடுநிசி கிடையாது. நாய் ஊளையிடவில்லை. விளக்கு அணையவில்லை. எல்லாமே பட்டப்பகலில் நடந்தது. வீட்டுப் பின்பக்கத்தில், நல்ல வெயிலில், பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது.

என் மனைவி கடைசியாகச் செய்த சாதாரணமான காரியம், ஒரு மேஸ்திரியை வாசல் வழியாக வெளியே அனுப்பியது. அந்த வாசல் அப்போது கட்டப்படவில்லை. சுவரும் இல்லை. நான்கு முளைக்குச்சிகள், அவற்றைச் சுற்றி ஒரு பழைய கயிறு, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் பின்னால் சாமான் கொட்டகை ஒன்று கட்ட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் திட்டம். முப்பது வருஷம் பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும், கட்டிலுக்கு அடியில் பெயிண்ட் டப்பாவும் படிக்கட்டுக்கு அடியில் மண்வெட்டியும் கிடப்பதைப் பார்த்து அவளுக்குத் தாங்கவில்லை. நான் நூலகத்தில் வேலை பார்த்தவன். அவள் என்னை லைப்ரரி என்பாள். நான் அவளை ஸ்டோர் என்பேன். கல்யாணமான புதிதில் யாரோ கிண்டலுக்கு வைத்த பெயர்கள், அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டன.

கயிறு கட்டி ஒரு வாரம் அவள் அதற்குள் நடந்து பார்த்தாள். குனிந்து பார்த்தாள். கையை நீட்டித் திரும்பிப் பார்த்தாள். நான் ஒருநாள் கயிற்றைத் தாண்டி உள்ளே போனதற்கு நிஜமாகவே கோபித்துக்கொண்டாள்.

அன்று மேஸ்திரியும் அதையே செய்தார்.

"மேஸ்திரி, நில்லுங்க. எங்க போறீங்க?"

"வெளியதாம்மா."

"சுவத்துக்குள்ள பூந்து போறீங்களே. வாசல் அந்தப் பக்கம்."

அவர் கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சார், அம்மா எப்பவும் இப்படித்தானா?"

"இன்னிக்குப் பரவாயில்ல," என்றேன்.

"இவரு பேச்சைக் கேக்காதீங்க. ஒரு வாரமா சுவரைத் துளைச்சுக்கிட்டுத்தான் வந்து போறாரு. ஒரு தடவை கூடத் தலையில இடிச்சுக்கல, அதான் எனக்கு வருத்தம்."

மேஸ்திரி சிரித்தபடி சுற்றிப் போய், கயிறு விட்டிருந்த இடைவெளி வழியாக வெளியேறினார். அவள் அவருக்குப் பின்னால் காற்றில் கையை வைத்து, கதவைச் சாத்துகிற மாதிரி இழுத்தாள். வெளிப்பக்கம் திறக்கிற கதவு. உள்ளே திறந்தால் பாதி இடத்தைக் கதவே தின்றுவிடும் என்பது அவள் கட்சி.

மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்றார் மருத்துவர். அந்தக் காலையைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் போனார்கள். மகளும் மருமகனும் இரண்டு வாரம் இருந்துவிட்டு, வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் போனார்கள். கயிறு மட்டும் பின்னால் அப்படியே இருந்தது. அதை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் மேஸ்திரி வந்து வேலியோரம் நின்றார்.

"சார், முளையைப் பிடுங்கிடவா?"

"வேண்டாம். கட்டிடுங்க."

"அம்மா சொன்னபடியேவா?"

"அப்படியே."

அவர் தலையை ஆட்டினார். பிறகு வேலியைச் சுற்றி வந்து, கயிற்றின் வாசல் வழியாக உள்ளே நுழைந்து, நடுவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் சொன்னபடியே கட்டினார். தரையை ஒரு சாண் உயர்த்திக் கல் பரப்பி, சிமென்ட் பூசினார். சட்டங்களை நிறுத்திப் பலகை அடித்தார். கூரைத் தகரத்தைப் பின்பக்கம் சரித்துவிட்டார், மழைத்தண்ணீர் வாசலில் விழாதபடி. கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் காற்றுக்கு வலை அடித்த சின்னத் திறப்பு. நீளச் சுவரில் மூன்று அடுக்குப் பலகை. கீழே கனமான சாமான். மேலே எப்போதாவது எடுப்பது. நடுவில் தினமும் எடுப்பது.

நடுப் பலகைதான் அவளுக்கு முக்கியம். அது அவள் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். மேஸ்திரி முதல் நாளே ஒரு குச்சியை அவள் பக்கத்தில் நிறுத்தி முழங்கைக்கு நேராகக் கோடு போட்டிருந்தார். அவள் குள்ளம். எனக்கு அந்தப் பலகை இடுப்புக்கு வரும். பலகையில் ஒட்டு இருக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே பலகை.

அதற்குக் காரணம் உண்டு. பணிமனைக் கிடங்கில் ஜன்னல் கிடையாது. மின்சாரம் அடிக்கடி போகும். அதனால் இருட்டிலேயே சரிபார்க்கக் கற்றுக்கொண்டாள். சாயங்காலம் கிடங்கை மூடும் முன், இடது கையின் இரண்டு விரல்களைப் பலகை விளிம்பில் வைத்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்துகொண்டே தடவிப் போவாள். எல்லாச் சாமானும் விளிம்பை ஒட்டி வரிசையாக நிற்கும். விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். எது இருக்கிறது, எது வெளியே போயிருக்கிறது என்று அந்த விரல்களே சொல்லிவிடும். கைக்கணக்கு என்பாள். இடது கைக்காரி என்பதால் எல்லாக் கைப்பிடியும் இடது பக்கம் பார்க்கும். எங்கள் வீட்டுத் தேநீர்க் கோப்பைகள்கூட அப்படித்தான் இருக்கும். நான் திருப்பி வைப்பேன். அவள் திருப்பி வைப்பாள். எங்கள் சண்டையெல்லாம் அந்த அளவில்தான்.

ஏதோ சரியில்லை என்பது முதலில் தெரிந்தது, கொட்டகை முடிவதற்கு முன்பே.

காலையில் வந்த மேஸ்திரி உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"சார், நேத்து நீங்க உப்புத்தாள் போட்டீங்களா?"

"எதுக்கு?"

"நடுப் பலகைக்கு."

தொட்டுப் பார்த்தேன். மேல் பலகையும் கீழ்ப் பலகையும் சிராயோடு சொரசொரவென்று இருந்தன. நடுப் பலகையின் விளிம்பு மட்டும்... வழவழவென்று இருந்தது. பல வருஷம் புழங்கிய மாதிரி.

"மரத்தோட வாகா இருக்கும்," என்றார் மேஸ்திரி. அவர் குரலில் நம்பிக்கை இல்லை. அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

கொட்டகை முடிந்தது. சாமான்களை நான் ஒருவனாகத்தான் கொண்டுபோய் வைத்தேன். பெயிண்ட் டப்பாக்கள், தண்ணீர்க் குழாய், மண்வெட்டி, கத்தரி, பழைய மின்விசிறி, ஆணியும் திருகாணியும் போட்டுவைத்த ஜாடிகள், அவள் பணிமனையிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டி. அடுக்கத் தெரியாது எனக்கு. புத்தகம் என்றால் அடுக்குவேன். கை போன இடத்தில் வைத்துவிட்டு, பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் கத்தரி எடுக்கப் போனேன்.

பெயிண்ட் டப்பாக்கள் கீழ்ப் பலகையில் இருந்தன. நான் மேலே வைத்திருந்தேன்.

ஜாடிகள் நடுப் பலகையில், விளிம்பை ஒட்டி, உயரவாரியாக நின்றன.

குழாய் வட்டமாகச் சுற்றி மாட்டியிருந்தது.

கத்தரியின் கைப்பிடி இடது பக்கம் பார்த்தது.

எனக்குப் பயம் வரவில்லை. அதை இங்கே எழுதியே ஆக வேண்டும். அந்த வாசலில் உட்கார்ந்து, பல வாரமாக வராத அழுகையை அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன். சாவி என் பையில் இருந்தது. மாற்றுச் சாவி கிடையாது. யார் வந்தது என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. மூன்று ஜாடித் திருகாணிகளையும் ஒரு தட்டில் கொட்டிக் கலந்தேன். சின்னது, பெரியது, துருப்பிடித்தது எல்லாம் ஒன்றாக. அப்படியே வைத்துவிட்டுப் பூட்டினேன்.

மறுநாள் மூன்று ஜாடியிலும் மூன்று வகை. துருப்பிடித்தவை தனியே ஒரு மூடியில்.

அதற்கப்புறம் தினமும் கலைத்தேன். வேறு வேலையே இல்லாமல் போனது. காலையில் எழுந்ததும் இன்றைக்கு எதைக் கலைக்கலாம் என்றுதான் யோசிப்பேன். கயிறுகளைச் சிக்காக்கி வைப்பேன். மண்வெட்டியைத் தலைகீழாக நிறுத்துவேன். கடைக்குப் போய்ப் பல அளவில் ஆணி வாங்கி வந்து கலந்து கொட்டுவேன். கலைக்க ஒன்றும் இல்லாத நாளில் சமையலறைச் சாமானைக் கொண்டுபோய்ப் போட்டேன்.

அவள் வரும் நேரமும் பிடிபட்டது. நாலு பத்து. பணிமனையில் பகல் வேலை நாலரைக்கு முடியும். அதற்கு முன்னால் கைக்கணக்கு. சமையலறைப் பின்வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். கொட்டகைக் கதவு பூட்டியிருக்கும். உள்ளேயிருந்து மெல்ல ஆரம்பிக்கும்.

சர்... தட். சர்... தட். சர்... தட்.

விரல் பலகையில் வழுக்குகிற சத்தம். பிறகு சாமானில் படுகிற சத்தம். கோடியில் இருக்கிற சட்டத்தில் 'டக்' என்று ஒன்று. அத்தோடு முடியும்.

கதவைத் திறந்து பார்க்க ஆசை இருந்தது. திறந்தால் போய்விடுவாளோ என்று திறக்கவில்லை. பின்வாசலில் உட்கார்ந்தபடியே பேசுவேன். "ஸ்டோர், இன்னிக்குக் கொஞ்சம் கஷ்டமான வேலை குடுத்திருக்கேன்" என்பேன். "கோவிச்சுக்காதே" என்பேன். பதில் வராது. தட்... தட்... என்று வேலை மட்டும் நடக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

மகள் வந்தபோது நான் பாதியாகியிருந்தேன். அவள் முழுகாமல் இருந்தாள். ஏழாவது மாதம். சொல்லாமல் வந்துவிட்டாள். நேராகப் பின்பக்கம் வந்தவள், நான் தரையில் உட்கார்ந்து ஆணிகளைக் கலந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா."

"சாப்பிட்டீங்களா?"

யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. அந்த யோசனையே அவளுக்குப் பதிலாகப் போய்விட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன். மருத்துவரிடம் போகலாம் என்பாள் என்று நினைத்தேன். அவள் முக்காலியை இழுத்துப் போட்டு, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மணி நாலாகியிருந்தது.

நாலு பத்துக்கு அவளும் கேட்டாள்.

சர்... தட். சர்... தட்.

அவள் முகம் வெளுத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். 'டக்' என்று முடியும்வரை அசையவில்லை.

"அம்மாதான்," என்றாள் கடைசியில்.

"நான்தான் சொன்னேனே."

"தினமுமாப்பா?"

"தினமும்." பெருமையாகச் சொன்னேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பயம் போய், வேறு ஏதோ வந்திருந்தது.

"முப்பது வருஷம் உழைச்சாங்கப்பா. ஒரு நாள் லீவு போட மாட்டாங்க. ரிட்டயர் ஆனதும் கை காலை நீட்டி உட்காரப் போறேன்னு சொன்னாங்க. உட்காரவே இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "செத்துப் போயும் அவங்களை வேலை வாங்கறீங்களே, அப்பா."

நான் கையிலிருந்த ஆணிகளைப் பார்த்தேன்.

"விடுங்கப்பா அவங்களை. எங்கூட வந்துடுங்க. எனக்கும் ஆள் வேணும். பிள்ளை பொறந்ததும் நான் ஒருத்தியா என்ன பண்ணுவேன்?"

"நான் போயிட்டா அவ வந்து பார்ப்பாளே."

"பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்லைன்னா வர மாட்டாங்க. வேலை முடிஞ்சுதுன்னு போயிடுவாங்க. நிம்மதியா."

அன்று ராத்திரி முழுக்க அதை யோசித்தேன். அவள் சொன்னதில் தப்பே தெரியவில்லை. இன்றைக்கும் அது அன்பில் சொன்ன வார்த்தைதான். அதை நம்பியதும் அன்பில்தான்.

கொட்டகையைக் காலி செய்தோம். கலைக்காமல், வரிசை மாறாமல், ஒவ்வொன்றாக எடுத்தேன். கருவிகளையும் ஜாடிகளையும் மேஸ்திரி எடுத்துக்கொண்டார். மின்விசிறியும் டப்பாக்களும் பழைய இரும்புக்காரரிடம் போயின. அவளுடைய தகரப் பெட்டியை நான் வைத்துக்கொண்டேன். தரையைப் பெருக்கினேன். மூன்று பலகைகளையும் ஈரத்துணியால் துடைத்தேன். ஒரு ஆணிகூட இல்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை மட்டும் போட்டேன். பூட்டவில்லை. இனிமேல் பூட்டுவதற்கு என்ன இருக்கிறது?

நாலரைக்கு வண்டி வரும். மகள் முன்பக்கத்தில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் விடைபெறுவதற்காகப் பின்வாசலில் வந்து நின்றேன். அமைதியாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த அமைதியைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

மணி நாலு பத்து.

சர்ர்ர்ர்ர்ர்...

டக்.

தட் என்ற சத்தம் ஒன்றுகூட இல்லை. விரல் எதையும் தொடாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே இழுப்பாகப் போய்விட்டது.

பக்கத்து வீட்டில் பாத்திரம் உருண்டது. யாரோ சிரித்தார்கள்.

சர்ர்ர்ர்ர்ர்... டக்.

முதலிலிருந்து மறுபடியும் வந்திருந்தாள். மெதுவாக. எதையாவது விட்டுவிட்டோமோ என்று பார்க்கிற மாதிரி.

மறுபடியும். கொஞ்சம் வேகமாக.

மறுபடியும்.

இப்போது கீழ்ப் பலகையில் கேட்டது. அங்கே உப்புத்தாள் போடாத மரம். சொர... சொர... என்று கேட்டது. சிராய் குத்தும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் தோன்றியது. அவள் விரலில் சிராய் குத்தும்.

பிறகு மேல் பலகை.

மேல் பலகை அவளுக்கு எட்டாது. முக்காலி போட்டால்தான் எட்டும். உள்ளே முக்காலி இல்லை.

எட்டாத பலகையில், கோடிக்குக் கோடி, விரல் ஓடியது.

பிறகு சுவர்.

பிறகு தரை. தரையில் இரண்டு கைகளும் தேய்கிற சத்தம். மூலை மூலையாக...

அவள் எண்ணவில்லை. தேடினாள்.

வேலை முடிந்துவிட்டது என்று அவள் நினைக்கவில்லை. எல்லாம் தொலைந்துபோய்விட்டது என்று நினைத்திருக்கிறாள். முப்பது வருஷத்தில் அவள் பொறுப்பில் இருந்து ஒரு திருகாணி காணாமல் போனதில்லை.

நான் கொட்டகை அருகே போயிருந்தேன். எப்போது நடந்தேன் என்று தெரியாது.

"ஸ்டோர்," என்றேன்.

சத்தம் நின்றது.

"நான்தான். லைப்ரரி."

பிறகு... கதவுக்கு உட்புறம், மேலிருந்து கீழே, இரண்டு விரல் இறங்கி வந்தது. தாழ்ப்பாளுக்கு நேராக வந்ததும் நின்றது.

வெளிப்பக்கம் திறக்கிற கதவு. தாழ்ப்பாள் என் பக்கம். ஒரு விரலால் தள்ளினால் போதும். எத்தனை மாதமாக இந்த ஒன்றுக்காகத்தானே உயிரோடு இருந்தேன்?

நான் தள்ளவில்லை.

அவள் முகம் எப்படி இருக்குமோ என்று பயப்படவில்லை. எங்கே வச்சீங்க என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

தாழ்ப்பாள் அசைந்தது.

லேசாக. காற்று அசைக்கிற மாதிரி. காற்று இல்லை.

"அப்பா! வண்டி வந்தாச்சு."

போய்விட்டேன். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய், பின்கதவைச் சாத்தி, முன்பக்கம் வழியாக வண்டியில் ஏறிவிட்டேன். மகள், "சத்தம் ஏதாவது கேட்டுச்சாப்பா?" என்றாள். "இல்லம்மா," என்றேன். அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

பேத்தி பிறந்தாள். அவளைப் பார்த்துக்கொள்வதிலேயே என் நாட்கள் போயின. வீட்டை வாடகைக்கு விட்டோம். கொட்டகைக்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியை வீட்டுச் சாவியோடு சேர்த்து மருமகன்தான் கொடுத்துவிட்டு வந்தார். குடிவந்தவர்கள் தையல் வேலை செய்கிற ஒரு பெண்ணும் அவர் கணவரும். நல்ல மனிதர்கள். ஒரு வருஷம் அவர்களிடமிருந்து எந்தப் புகாரும் வரவில்லை. அவள் போய்விட்டாள் என்று நானும் மெல்ல நம்ப ஆரம்பித்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் அந்தப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. பின்னாடி ஷெட்டுக்கு இன்னொரு சாவி யாருகிட்டயாவது இருக்கா?"

"இல்லையே. ஏம்மா?"

"நாங்க வந்ததுலேருந்து அதைத் திறக்கவே இல்ல சார். மழைக்கு முன்னால தகரம் ஒழுகுதான்னு பார்க்கலாம்னு இன்னிக்குத்தான் திறந்தோம். உள்ள ஒரே தூசி. தரையில ஒரு காலடி கூட இல்ல. ஆனா அந்த நடுப் பலகை இருக்கு பாருங்க... அதுல மட்டும் விளிம்புல ஒரு கோடு சார். ரெண்டு விரல் அகலத்துக்கு. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும். இப்பத்தான் யாரோ துடைச்ச மாதிரி..."

எலியாக இருக்கும் என்றேன். அவரும் ஆமாம் சார் என்றார். இரண்டு பேரும் அதை நம்பவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

அந்த வாரமே போனேன். பேத்திக்குச் சிறிதாகிவிட்ட காலுறைகளை ஒரு மூடியில்லாத அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துப் போனேன். மஞ்சள், பச்சை, கோடு போட்டது, பூனை முகம் போட்டது. வேண்டுமென்றே கலந்து போட்டிருந்தேன். ஜோடி பிரிந்த காலுறையைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது. பெட்டியை நடுப் பலகையில், அந்தக் கோட்டின் மேலேயே வைத்தேன்.

"உன் பேத்தியோடது," என்று சொன்னேன். "எதுவும் தொலையல. எல்லாம் இருக்கு. இதைக் கொஞ்சம் அடுக்கி வை."

கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருந்தேன். வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

நாலு பத்து.

சர்ர்ர்ர்ர்ர்... டக்.

நடுவில் ஒரு தட் கேட்கும் என்று காத்திருந்தேன். பெட்டி இருந்த இடத்தில் விரல் நிற்கவே இல்லை. அங்கே எதுவுமே இல்லாத மாதிரி, ஒரே இழுப்பாக, கடந்து போய்விட்டது.

அன்றைக்குக் கதவைத் திறந்தேன். உடனே திறந்தேன். உள்ளே யாரும் இல்லை. பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. அவளுக்கு அந்தப் பலகை நான் துடைத்துவிட்டுப் போன அன்றைக்கே நின்றுவிட்டது; இனி நான் எதை வைத்தாலும் அவள் விரலுக்குப் படாது.

மாதம் ஒருமுறை போகிறேன். வீட்டுவரி கட்ட, செடி பார்க்க என்று மகளிடம் ஏதாவது சொல்லிவிட்டுப் போகிறேன். பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பலகையில் கோடு சுத்தமாக இருக்கிறது. காலுறைகளின் மேல் தூசி படிந்திருக்கிறது. மஞ்சள் ஒன்று பச்சைக்கு மேல் கிடக்கிறது, பூனை முகம் கவிழ்ந்து கிடக்கிறது.

ஒரு ஜோடிகூடச் சேரவில்லை.